பதினொரு படி ஏணி

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

நீயும் கொழுந்தனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. பதினாறு வருடம் கழித்து அக்கா எழுதிவிட்டாள் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாதே. ஒரு காரியம் இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று உன் மகன் சொன்னானாம். நாம் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்து வாழ்ந்தபோதே நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியதில்லை. இப்போது டாக்டரும் ஒத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

வெள்ளத்துக்குப் பிறகு குப்பைமேடாகக் கிடந்த நம் சந்து முழுவதையும் இப்போது தோண்டுகிறார்கள். பூங்கா வருகிறது. வெறும் ஊஞ்சலும் சறுக்குமரமும் இல்லை. மேலத் தெருக்களின் மழைத்தண்ணீர் முதலில் ஒரு மணல் தொட்டியில் இறங்கிக் குப்பையை விட்டுவிடுமாம். பிறகு கோரை நட்ட குளங்களில் மெதுவாகச் சுற்றி அழுக்கை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போகுமாம். பெருமழை வந்தால் விளையாடும் இடம் முங்கும், வீடு முங்காது. இந்தப் புத்தி அன்றைக்கே வந்திருக்கலாம்.

அந்த வெள்ளத்தில் போன, என் வீட்டுக்காரரையும் சேர்த்துப் பதினான்கு பேருக்கும் அவரவர் வாசற்படி இருந்த இடத்தில் ஒரு கல் போடுகிறார்கள். உட்காரும் உயரத்துக்கு. நம் வீடு அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும் இருந்ததால் உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் இரண்டு பேரும் போட்டு அனுப்புங்கள்.

ஏணியைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அன்று காலை ஏழரை மணிக்கு நீ பச்சைப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, உன் பக்கத்துக் கூரையில் தார்ப்பாய் கட்ட ஏணியைத் தூக்கிப் போனாய். தண்ணீர் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். பின்சுவரில் ஏணி மாட்டும் இரண்டு கொக்கியும் இருந்தன. ஏணி இல்லை. அது இரும்பு ஏணி, மிதந்து போகாது. மாட்டியிருந்தால் மாட்டிய இடத்தில் இருந்திருக்கும். படிக்கட்டு இல்லாத மாடிக்கு அவர் எதில் ஏறுவார்? இதற்கு மேல் நான் எதுவும் எழுதப்போவதில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் இவர் கண்ணாடியைத் தேடினார், நான் உட்கார இடம் தேடினேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? உங்களுக்குப் பொறுமை இருக்காது, மருமகளைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். இவர் பெருக்கல் குறியின் மேலேயே போட்டுவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள். இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வாயும் இருக்கிறது. பேரன் பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு இடது காது போய்விட்டது, வலது காது நல்ல செய்தியை மட்டும் கேட்கிறது.

வாசல் இருந்த இடத்திலேயே கல் போடுவது நல்ல யோசனை. பெரிய அத்தான் சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்துதான் வயர்த் துண்டுகளைத் தோல் உரிப்பார்.

நீங்கள் எழுதாத விஷயத்தைப் பற்றி நானும் எழுதவில்லை.

உங்களை நினைத்துக்கொண்டிருக்கும் தங்கை


ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

தாள் வந்தது. கொழுந்தன் கையெழுத்து கோழி நடந்த மாதிரியே இருக்கிறது, ஆபீசில் ஏற்றுக்கொண்டார்கள். உன் வலது காதைப் பத்திரமாக வைத்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் அதிகமாகிவிட்டது.

வேலையா என்று கேட்பாய். தோண்டத் தோண்ட நம் சந்துச் சாமான்களாக வருகிறது. தகரக் கொட்டகை ஒன்று போட்டு, மேசை மேல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் அட்டை கட்டியிருக்கிறார்கள். உரியவர் தெரிந்தால் கொடுத்துவிடுவார்கள், தெரியாதது ஆகஸ்ட் கடைசியில் பழைய இரும்புக்குப் போய்விடும். எல்லாவற்றையும் நோட்டில் எழுத ஒரு பெண் இருக்கிறாள். நான் அவளை நோட்டுக்காரி என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் நாள் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன்.

“பாட்டி, இதுல ஏதாவது உங்களோடதா?” என்றாள்.

“என்னோடது ஒண்ணுமில்ல. ஆனா அந்தத் தூக்கு மூணாம் வீட்டு டெய்லரோடது. மூடி நசுங்கியிருக்கு பாரு, பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டு வீசினான். அந்தப் பூட்டு எட்டாம் வீடு. சாவி இல்லாமலே திறக்கும், ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போகிறேன். இதுவரை நாற்பத்தொரு சாமானுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நாற்பத்திரண்டாவது ஒரு குழிக்கரண்டி. காம்பில் கறுப்பு வயர் சுற்றியிருக்கும், பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் கரண்டி. பெரியவனுக்குப் பல் முளைத்த வருடம் நீ வாங்கிப் போனது. திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் பண்ணினாய். உன் பக்கத்து அடுப்படியில்தான் எடுத்தார்கள். நான் ஏதாவது சொன்னேனா? சொல்லவில்லை. கரண்டியைத் தரவில்லை, ஏணியைத் தரவில்லை, ஆனால் நான் எதுவும் சொல்லவில்லை.

வெயில் ஏறுகிறது, மோரும் தண்ணீரும் நிறையக் குடி.

உன் அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை இவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். டெய்லர் தூக்கு வந்ததும் இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன என்று கேட்டார். “அண்ணி கோர்ட்ல சாட்சி சொல்லப் போயிருக்கணும், பாதிப் பேரு ஜெயிலுக்குப் போயிருப்பான்” என்கிறார். உங்களுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, கொட்டகைக்குக் குடை எடுத்துக்கொண்டு போங்கள்.

கரண்டி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். நான் கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஞாபகம் சல்லடை, உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு நான் பச்சைப் புடவை கட்டியிருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுகூட ஞாபகம் இல்லை. நீங்கள் சொன்னால் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்துச் சாமான் ஏதாவது வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உங்களுடையதாகவும் இருக்கலாம்.

உங்கள் தங்கை


ஜூன் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. சந்தோஷம். கொழுந்தனைச் சிரிக்கவே விடு, சர்க்கரைக்கு நல்லது என்று இங்கே டாக்டர் சொன்னார். உன் காதுக்கு மிஷின் வைத்துப் பார்த்தாயா? நல்லதாக வாங்கு.

மூலையில் பெரிய குளத்தைத் தோண்டி முடித்துவிட்டார்கள். கோரை நட ஆரம்பித்தாயிற்று. கொஞ்சம் இரும்புச் சாமான் வந்தது. வேறு விசேஷம் இல்லை.

கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். உனக்கே பார்சலில் அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

அன்புடன் அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுதுங்கள். கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஒரு திட்டுகூட இல்லை. அன்புள்ள என்று வேறு போட்டிருக்கிறீர்கள். கரண்டி நேற்று வந்தது, அதைப் பார்த்ததும் எனக்குப் பயமே வந்துவிட்டது. “உங்க அக்கா திட்டாம கடுதாசி எழுதி, சாமானையும் அனுப்பியிருக்காங்கன்னா உடனே டிக்கெட் போடு” என்று இவர் சொல்கிறார்.

உங்கள் பெரியவனிடம் போனில் கேட்கச் சொன்னேன். “அம்மா நல்லாத்தான் இருக்காங்க, கொட்டகைக்குத்தான் போறதில்ல” என்றானாம். ஏன் போகவில்லை? அந்த நோட்டுக்காரிப் பெண்ணோடு சண்டையா?

இரண்டு வரி போதும், எழுதுங்கள்.

கவலையோடு தங்கை


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. பெரியவன் நீங்கள் சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள் என்றுதான் சொல்கிறான். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அப்படி என்றால் என்ன என்று எழுதிவிடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். காதுக்கு மிஷின் வந்துவிட்டது. குக்கர் விசில் இவ்வளவு சத்தமா என்று இப்போதுதான் தெரிகிறது.

தங்கை


ஆகஸ்ட் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ ஒத்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் எதையும் ஒத்துக்கொள்ளாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதக் கை வரவில்லை, அதுதான் விஷயம். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு இதை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி மூலை வீடு இருந்த இடத்தில் தோண்டும்போது ஒரு ஜன்னல் கம்பிச் சட்டம் வந்தது. அதோடு சேர்த்துக் கட்டியபடி ஒரு ஏணியும் வந்தது. பதினொரு படி. எல்லாப் படியும் தண்ணீர்க் குழாய், நான்காவது மட்டும் முறுக்குக் கம்பி. கொழுந்தன் ஏறி வளைத்துவிட்டான் என்று அவர் மாற்றி வைத்தாரே, அதே கம்பி.

நோட்டுக்காரி கேட்டாள்: “பாட்டி, இது யாரோடதுன்னு தெரியுதா?”

“தெரியல” என்றேன்.

அவள் சிரித்தாள். “உங்களுக்கா தெரியல?”

“எனக்கென்ன உலகத்துல இருக்கிற ஏணியெல்லாம் தெரியுமா” என்று எரிந்து விழுந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் நோட்டில் ‘உரியவர் தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

ஏணியைக் கட்டியிருந்தது கறுப்பு வயர். மூன்று சுற்று, எல்லாம் இடப்பக்கமாக. இடது கைக்காரர் கட்டு. வயரின் நுனியை உள்ளே மடக்கிச் செருகியிருந்தது. யார் கையையும் கீறிவிடக் கூடாது என்று எதைக் கட்டினாலும் அப்படித்தான் செய்வார், உனக்கும் தெரியும். நம் வீட்டுக் கரண்டியிலும் அப்படித்தான். மார்பு வரை தண்ணீரில் நின்றுகொண்டு நுனியை மடக்கியிருக்கிறார்.

நீ ஏணியைக் கொக்கியில் மாட்டியிருக்கிறாய். அவர் அதை எடுத்துக்கொண்டு மூலை வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மூலை வீட்டில் அந்த வேன் டிரைவர் குடும்பம் புதிதாகக் குடிவந்திருந்தது, ஐந்து பேர். ஐந்து பேரும் மாடியில் ஏறித் தப்பித்தார்கள். எதில் ஏறினார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்தபோது அவர்கள் எனக்கு எதிரே ஐந்து பேரும் முழுசாக உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு முறை என் பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவரையும் மூலை வீட்டுக்கு அடுத்த சைக்கிள் கடைக்காரரையும் ஒரே இடத்தில்தான் எடுத்தார்கள். நம் வீட்டை விட்டு அவர் அங்கே ஏன் போனார் என்றும் நான் யோசிக்கவில்லை. எனக்குத்தான் பதில் கையில் இருந்ததே. நீதான் பதில்.

நாலு பேர் நடுவில் உன்னைப் பார்த்து, “ஏணிய எங்கடி வெச்ச” என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஒரு தடவையாவது மாட்டினேன் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா என்று இப்போதும் உன் மேல்தான் கோபம் வருகிறது. பார், புத்தி எப்படிப் போகிறது.

இந்த மாதக் கடைசியில் பழைய இரும்பு லாரி வருகிறது. இன்று காலை கொட்டகைக்குப் போனேன். “அந்த ஏணி என் வீட்டுக்காரரோடது. எழுதிக்கோ” என்றேன். அவள் பழையதை அடித்துவிட்டு எழுதினாள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நல்ல பெண்.

தப்பு என்னுடையது. இந்த வார்த்தையை நான் இதற்கு முன் எழுதியதில்லை, எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருங்கள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

படித்துவிட்டு ஒரு வாரம் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இவரிடம்கூட மூன்றாம் நாள்தான் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “அண்ணன் நுனிய மடக்கியிருக்காரு பாரு” என்று மட்டும் சொன்னார்.

மாட்டினேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா, எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருடமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏணியைத் தோளில் தூக்கிய பாரம் ஞாபகம் இருக்கிறது. தார்ப்பாய்க் கயிறு கையை அறுத்தது ஞாபகம் இருக்கிறது. கொக்கி மட்டும் ஞாபகம் வரவில்லை. நீங்கள் மாட்டவில்லை என்றீர்கள். உங்கள் ஞாபகம் தப்பாது என்று நம் சந்துக்கே தெரியும். அதனால் நான் மாட்டவில்லை என்று நானும் நம்பிவிட்டேன். சும்மா தலை குனியவில்லை, நிஜமாகவே நம்பினேன். இந்த ஊரில் எந்த வீட்டில் ஏணியைப் பார்த்தாலும் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்.

உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வரவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாவது கோபித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இவர், “உனக்குக் கோபப்படத் தெரியாது, கத்துக்கணும்னாலும் உங்க அக்காகிட்டத்தான் போகணும்” என்கிறார். இருக்கட்டும். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை வரை நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதுவரை எழுதாதீர்கள். கால் வலிக்கு ஒத்தடத்தை மட்டும் விடாதீர்கள்.

தங்கை


செப்டம்பர் 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

வியாழக்கிழமை முடிந்துவிட்டது, இன்று வெள்ளி. காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். பதினாறு நாள் கேட்டிருந்தாய். நான் எடுத்துக்கொண்டது பதினாறு வருடம். உனக்குக் கணக்கும் வராது, கோபமும் வராது.

ஏணியை எங்கே வைப்பது என்று பூங்காவின் தண்ணீர் வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் வந்து கேட்டார். என் வீட்டில் இடமில்லை. இருந்தாலும் கொக்கியில் தொங்குவதை என்னால் பார்க்க முடியாது. “மூலை வீட்டுல இருந்தது, அங்கேயே இருக்கட்டும்” என்றேன். இப்போது பெரிய குளத்தில், கோரைக்கு நடுவில் அதை நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று கரையில் நின்றே தெரியும். ஏழாம் படிக்கு வந்தால் மேலத் தெரு மதகை அடைக்க வேண்டும், அதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள். வயர்க் கட்டை அவிழ்க்கவில்லை. ஜன்னல் சட்டமும் அப்படியே இருக்கிறது.

வாசல் கல்லில் அவரைச் சந்தில் கூப்பிட்டபடி ‘வயர்மேன்’ என்று மட்டும் வெட்டச் சொல்லிவிட்டேன். நோட்டுக்காரி டிரைவர் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் இந்த முறை போர்வையை இழுக்கமாட்டேன்.

நவம்பர் முதல் வாரம் திறக்கிறார்கள். நீயும் கொழுந்தனும் வர வேண்டும். என் அறையிலேயே படுத்துக்கொள்ளலாம், கட்டில் பெரியது. கொழுந்தன் குறட்டையை நீ மிஷினைக் கழற்றிவிட்டுச் சமாளி, நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

வழி பார்த்திருக்கும் அக்கா


நவம்பர் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று பெரியவன் சொன்னான். ரயிலில் கொழுந்தனுக்கு மேல் படுக்கை கிடைத்ததாமே, ஏணி வளைந்ததா இல்லையா என்று எழுது.

நீங்கள் போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தேன், பழைய பழக்கம். மூன்றாம் நாள் காலை மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேலத் தெருத் தண்ணீர் டீ நிறத்தில் மணல் தொட்டிக்குள் விழுகிறது, கடைசிக் குளத்தில் பார்த்தால் அடியில் கூழாங்கல் தெரிகிறது. பெரிய குளம் நான்காம் படி வரை ஏறியிருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. கரையில் இரண்டு சின்னப் பெண்கள் குடைக்குள் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நாலு.”

“அஞ்சுடி, அந்த முறுக்குக் கம்பியச் சேர்த்து எண்ணு.”

“அதைச் சேர்த்துத்தான் நாலு.”

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

நம் வாசல் கல்லைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ வந்தபோது இடப்பக்கம் உட்கார்ந்தாய், அதனால் இடப்பக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். எட்டாம் வீட்டுக்காரி அவள் கல்லில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். பூட்டு விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் நீலப் பூப்போட்ட குடையைக் காணவில்லை. நீ ஸ்டேஷனுக்குக் கிளம்பிய அன்று தூறல் போட்டது. நீ கையில் எதையோ பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாய், நான் பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது. கரண்டி, ஏணி என்று நான் பழையதை இழுக்கவில்லை, ஆனால் அந்தக் குடை

இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நான்தான் மாட்டியிருக்கிறேன். எப்போது மாட்டினேன் என்று ஞாபகம் இல்லை.

மேலே எழுதியதை அடிக்கவில்லை. நீ படித்துச் சிரித்துக்கொள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா